மூன்று முறை புதைத்த டின்

அந்த டின்னை நான் மூன்று முறை இடம் மாற்றினேன். முதலில் அதைப் புதைத்தவர் மச்சான், என் அக்காளின் புருஷன். ஐம்பது சிகரெட் அடைத்து விற்கும் வட்டத் தகர டின் அது. அதற்குள் அக்காளின் தாலி, இரண்டு தங்கக் குண்டுமணி, ஒரு ஜோடித் தோடு, ஒரு மூக்குத்தி, எல்லாம் கிழிந்த வேட்டித் துணியில் சுற்றி இருந்தன. ஜப்பான்காரன் மலாயாவுக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் வீடு புகுந்து நகையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள் என்று பேச்சு அடிபட்டதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சான் எங்கள் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பின்னால் கிடந்த அம்மிக்கல்லைப் புரட்டினார். அடியில் குழி தோண்டி டின்னை வைத்தார். கல்லை மறுபடி உருட்டி அதன்மேல் போட்டார். அக்காளும் நானும் பக்கத்தில் நின்றோம். தாலிக்குப் பதிலாக அக்கா ஒரு மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டாள்.

"மூணு பேருக்குத்தான் தெரியும்" என்று மச்சான் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "மாப்ள, ஒன் மொகமே காட்டிக் குடுத்துரும் போலருக்கே. அந்தக் கல்லப் பாக்காம நடக்கப் பழகு."

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா, அம்மா இருவரும் போன பிறகு அக்கா வீட்டில்தான் வளர்ந்தேன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. சண்டை வந்ததும் வாத்தியார் ஊரை விட்டுப் போய்விட்டார். பிறகு பள்ளி திறந்தபோது நான் புல் வெட்டும் கூட்டத்தில் பேர் கொடுத்துவிட்டேன்.

பயம் என் கூடவே பிறந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தேனா என்று மூன்று தடவை போய்ப் பார்ப்பேன். யாராவது இருவர் தணிந்த குரலில் பேசினால் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைப்பேன். மச்சான் சொன்னபடி கல்லைப் பார்க்காமல் நடக்க முயன்றேன். முயன்றதாலேயே பார்த்தேன். ஒருநாள் ஒரு நாய் அந்தக் கல்லின் ஓரத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கே, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், டின்னை எடுத்துக் குளிக்கிற இடத்துக்குப் பின்னால் புதைத்தேன். அங்கே தண்ணீர் இறங்கி டின் துருப்பிடிக்குமே என்று மறுவாரம் தோன்றியது. எடுத்து வாழைக்கு அடியில் வைத்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் வாழைக்கன்று கேட்டு வந்தார். அதையும் விட்டேன். கடைசியாக, லயத்தை ஒட்டி ஓடிய கால்வாயைத் தாண்டி, ரப்பர் பால்மரக் காட்டில் நாலாவது வரிசை, ஏழாவது மரத்தடியில் புதைத்தேன். என் கை முழங்கை வரை உள்ளே போகிற ஆழத்துக்குத் தோண்டினேன். பயம் இன்னும் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மேலே புதைத்திருப்பேன்.

மச்சானிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். முதலில் ஏசுவார், பிறகு சிரிப்பார். அவரிடம் எதையும் சொல்லலாம். ஆனால் ஒரு தோதான நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஒரு காலையில் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு, கருவாடு வாங்கி வருகிறேன் என்று சுங்கை ஆயர் தாவார் பக்கம் போனார். திரும்பி வரவில்லை.

சாலையில் போகிறவர்களைப் பிடித்து லோரியில் ஏற்றி, சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிய காலம் அது. அப்படிப் போனவர்களுக்கு யாராவது ஒரு சாட்சி இருந்தது. லோரியைப் பார்த்தவர், பேரைச் சொல்லிக் கத்தியதைக் கேட்டவர் என்று ஒருவர் வந்து சொல்வார். மச்சானுக்கு அப்படி யாரும் வரவில்லை. அக்கா ஒரு மாதம் காத்திருந்தாள். பிறகு வீட்டில் ஒன்றும் இல்லாத ஒரு நாளில், தோட்டை மட்டும் எடுத்து விற்கலாம் என்று அம்மிக்கல்லைப் புரட்டினாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். கையால் தோண்டினாள். பிறகு அகப்பைக் காம்பால் தோண்டினாள். மண் உள்ளே உள்ளே கறுப்பாக வந்தது. "அக்கா" என்றேன். "தண்ணி கொண்டாடா" என்றாள். நான் குவளையில் தண்ணீரோடு திரும்பி வந்தபோது அவள் எல்லாவற்றையும் முடிவு செய்திருந்தாள்.

"எடுத்துக்கிட்டுத்தான் போயிருக்கான்" என்றாள். "கருவாடு வாங்கப் போறவனுக்குத் தாலி எதுக்கு?"

உள்ளே போய்க் கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றை அறுத்து அடுப்பில் போட்டாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு யோசனை வந்தது. மறுநாள் டின்னை எடுத்து வந்து அதே கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு, "அக்கா, நீ சரியாத் தோண்டல, இன்னொரு தடவ பாரு" என்று சொல்லிவிடலாம். யாருக்கும் ஏச்சு விழாது. பன்னிரண்டு வயதில் அது நல்ல யோசனையாகத் தெரிந்தது. மறுநாள் கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஐம்பது அறுபது பேர் கோடரியோடு நின்றார்கள். மரவள்ளி போடுவதற்காக அந்தக் காட்டை வெட்டச் சொல்லி உத்தரவு. காவலுக்குச் சிப்பாய் நின்றான். மூன்று நாளில் மரம் சாய்ந்தது, ஒரு வாரத்தில் அடிக்கட்டைகளையும் பிடுங்கி எரித்தார்கள். நாலாவது வரிசை எங்கே என்று தேட அங்கே வரிசையே இல்லை. அதற்குப் பிறகு பல தடவை மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிற சாக்கில் அங்கங்கே தோண்டிப் பார்த்தேன். கிழங்குதான் வந்தது.

அதன்பின் சொல்லவே முடியாமல் போயிற்று. கருவாட்டு வியாபாரி ஒருவன், பாகான் நக்கோடா ஓமார் மீன்பிடிக் கிராமத்துப் பக்கம் ஒரு மீன்காரியோடு மச்சானைப் போல ஒருத்தரைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டுப் போனான். அவரைப் போல என்றுதான் சொன்னான். லயத்தில் அது ஒரு வாரத்தில் அவரேதான் என்று ஆகிவிட்டது. சண்டை முடிந்து, சயாமிலிருந்து மிஞ்சியவர்கள் குச்சி குச்சியாக வந்து இறங்கியபோது, சுற்று வட்டாரத்துப் பெண்கள் எல்லாரும் ஓடிப் போய், "எங்க வீட்டுக்காரரப் பாத்தீங்களா, நெத்தியில ஒரு தழும்பு இருக்கும்" என்று அடையாளம் சொல்லிக் கேட்டார்கள். அக்கா மட்டும் போகவில்லை. "நான் யாரப் போய்க் கேக்கறது? எந்த ரயிலுல போனான்னு கேக்கறது?" என்று சொல்லிவிட்டு, பால் எடுக்க மரம் வெட்டப் போனாள். பட்டையைக் கீறுவதைத்தான் மரம் வெட்டுவது என்போம். நான் திருட்டுத்தனமாக ஒருவரிடம் போய்க் கேட்டேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, அங்க யாரு மொகத்தையும் யாரும் பாத்துக்கல" என்றார்.

இப்படியே எட்டு வருடம் ஓடியது. அவசரகாலச் சட்டம் வந்தது. காட்டோரத்து லயங்களில் ஆட்கள் இருந்தால் காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகும் என்று சொல்லி, எங்கள் பழைய லயத்தைக் காலி செய்தார்கள். எல்லாரையும் ஸ்டோருக்குப் பக்கத்தில், முள்கம்பி வேலிக்குள், புது லயத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். ஸ்டோர் என்றால் ரப்பர் பாலை உறைய வைத்துத் தகடாக்குகிற ஆலை. அதில் எனக்கு இன்ஜின் அறையில் வேலை. பெல்ட் மாற்றுவேன், எண்ணெய் போடுவேன், டைனமோவைத் துடைப்பேன். வேலி வாசலில் சிறப்புக் காவலர்கள் துப்பாக்கியோடு நின்று சோற்றுத் தூக்கைத் திறந்து பார்த்தார்கள். அதிகமாக ஒரு பிடி சோறு இருந்தாலும் கேள்வி.

ஒருநாள் ஆபீஸ் கணக்குப்பிள்ளையான கிராணியார், தோட்டத்துத் துரை பங்களாவிலிருந்து வந்த பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் வடை சுற்றிக் கொண்டுவந்தார். அந்தத் தாளில் ஒரு படம். ஒரு ஆள் காதில் இரண்டு சிமிழ் மாட்டிக்கொண்டு, நீளக் கழியின் நுனியில் ஒரு வட்டத்தைப் பிடித்துத் தரையைத் தடவிக்கொண்டு நின்றான். இது என்ன என்று கேட்டேன்.

"ஆஸ்திரேலியாக்காரன். மண்ணுக்குள்ள தங்கம் இருக்கான்னு பாக்குற மிஷினு. வீட்லயே செஞ்சுக்கலாம்னு போட்டிருக்கான்."

"எப்படிச் செய்யறதுன்னும் போட்டிருக்கானா?"

"போட்டிருக்கான். நீ என்னாத்தத் தேடப் போற? வடையா?"

அந்த எண்ணெய்த் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். எழுத்துத் தெரியவில்லை, ஆனால் வயர் போகிற கோடுகள் புரிந்தன. அதைப் பார்த்த நேரத்திலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. தங்கம் எனக்கு வேண்டியதில்லை. அது அங்கே கிடக்கிறது என்று காட்டினால் போதும். மச்சான் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்று அக்காளுக்குத் தெரிந்துவிடும். ஓடினவர் என்ற பேர் போகும். அதே வாரம் கிராணியார் இன்னொரு செய்தியும் சொன்னார். பழைய லயத்தைப் பிரித்துப்போட்டு, அந்த இடத்தையும் கால்வாய்க்கு அப்பால் லாலான் புல் மண்டிக் கிடந்த பழைய மரவள்ளிக் காட்டையும் சேர்த்து மறுநடவு செய்யப் போகிறார்கள். இரண்டு மாதத்தில் புல்டோசர் வரும்.

கோல சிலாங்கூர் பட்டணத்தில் ரேடியோ பழுது பார்க்கும் சீனர் ஒருவர் இருந்தார். முதலாளி என்ற பொருளில் எல்லாரும் அவரைத் தவுக்கே என்போம். தோட்டத்து ரேடியோவைத் தூக்கிக்கொண்டு இரண்டு தடவை போயிருந்ததால் பழக்கம். தமிழ் அவருடைய வழியில் பேசுவார். தாளைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"நீ என்னா தேடுது? ஈயம் தேடுது, தங்கம் தேடுது?"

"எங்க அக்கா நகை, தவுக்கே. சண்டக் காலத்துல பொதைச்சது."

"ஐயோ, சண்டக் காலம் எல்லா ஆளும் பொதைச்சான். எடுத்தவன் வேற ஆள் லா."

சொல்லிவிட்டுப் பென்சிலை எடுத்து எனக்கு விளக்கினார். இரண்டு வால்வு, ரேடியோவுக்குள் எரியுமே அந்தக் கண்ணாடிக் குழல். ஒன்று ஒரு சுருதியில் கத்தும், இன்னொன்று கிட்டத்தட்ட அதே சுருதியில் கத்தும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் காதில் ஒரு மெல்லிய விசிலாகக் கேட்கும். ஒரு வால்வோடு பெரிய கம்பிச் சுருள் ஒன்று சேர்ந்திருக்கும். அந்தச் சுருளுக்குக் கீழே உலோகம் வந்தால் விசில் ஏறும், அல்லது இறங்கும். அவ்வளவுதான். இரும்பா தங்கமா என்று அது சொல்லாது. என் சைக்கிளை அவரிடம் விட்டுவிட்டு, செத்த ரேடியோ ஒன்றிலிருந்து கழற்றிய இரண்டு வால்வு, செங்கல் கனத்துக்கு ஒரு பேட்டரி, ஒரு சின்ன பேட்டரி, பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன காதுச்சிமிழ், நூல் சுற்றிய செம்புக் கம்பி, எல்லாம் வாங்கி வந்தேன். "பேட்டரி பாத்துக் கொண்டு போ. காட்டு ஆளுக்குக் குடுக்கறான்னு போலீஸ் நெனைக்கும்" என்றார். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. பஸ்ஸில் வருகிற வழி முழுவதும் மனசுக்குள் என்னைப் பிடித்து, அடித்து, இந்தியாவுக்கே கப்பலேற்றிவிட்டார்கள்.

சண்டைக் காலத்தில் புதைத்த நகை என்று மட்டும் கிராணியாரிடம் சொன்னேன். உண்மையைச் சொல்லிக் கேட்டால் துரை சிரித்துவிட்டு மறுத்துவிடுவார் என்று, கிராணியார்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய லயத்தில் மண்ணுக்கடியில் தண்ணீர்க் குழாய் நிறைய இருக்கிறது, அது எங்கே ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது, இந்தப் பையன் ஒரு கருவி செய்கிறான், தோண்டி எடுத்தால் தோட்டத்துக்கு லாபம் என்று சொன்னார். துரை சம்மதித்தார். மத்தியானம் வேலை முடிந்து இரண்டு மணி நேரம். துப்பாக்கியோடு ஒரு காவலர் கூட வர வேண்டும். பேட்டரியைத் தினமும் ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும்.

செய்து முடிக்க ஐந்து வாரம் ஆயிற்று. மண்வெட்டிக் காம்பு ஒன்றைக் கழியாக வைத்துக்கொண்டேன். மூங்கில் தட்டு ஒன்றின் நடுவை வெட்டி எடுத்துவிட்டு, விளிம்பைச் சுற்றிக் கம்பியைச் சுற்றினேன். கம்பி ஒரு மயிரளவு அசைந்தாலும் விசில் மாறியது. அதை அசையாமல் இறுக்க வேண்டும். இங்கேதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். ரப்பர் தோட்டத்தில் எது ஓட்டையானாலும், எது பிரிந்தாலும், பால்தான் மருந்து. செருப்புக்குப் பால், கூரைக்குப் பால், பித்தளைக் குடத்து ஓட்டைக்கும் பால். நானும் ஸ்டோரிலிருந்து ஒரு டப்பாப் பால் எடுத்துக் கம்பிச் சுருள் முழுவதும் பூசினேன். சீக்கிரம் உறையட்டும் என்று, தகடு ஊற்றும்போது செய்வதைப் போலவே, ஆசிட் கலந்தேன். கொஞ்சம் தாராளமாகவே கலந்தேன். பிறகு புகைக்கொட்டகையில், தொங்கும் ரப்பர் தகடுகளுக்கு நடுவே இரண்டு நாள் மாட்டி வைத்தேன். நல்ல பழுப்பு நிறத்தில், கல் மாதிரி இறுகி வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

வாசலில் நின்ற காவலர் முன்பு மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்தான். கருவியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"என்னய்யா இது, முறத்துக்கு வயரு சுத்தி வச்சிருக்க?"

"பழைய பைப்புத் தேடறதுக்குண்ணே. துரை உத்தரவு."

"பைப்புத் தேட காதுல எதுக்கு மாட்டணும்? பைப்பு பேசுமா?"

"ஒரு சத்தம் வரும்."

"வந்தா, எனக்கு எப்ப லீவு குடுப்பாங்கன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லு."

அவரே என் கூடக் காவலுக்கு வந்தார். ஆளில்லாத லயத்தில் கதவுகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். அவர் ஒரு படியில் உட்கார்ந்து துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டார். நான் காதுச்சிமிழை மாட்டி, கருவியைத் தரைக்கு மேல் பிடித்தேன். விசில் சட்டென்று ஏறியது. உடனே தோண்டினேன். குழாய்.

அது லயத்தின் நீளத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அது அங்கே இருக்கும்வரை சுற்றி எதுவும் கேட்காது. அதனால் உண்மையாகவே குழாயைத் தோண்டி எடுக்க வேண்டியதாயிற்று. முதல் வாரம் முழுவதும் அதற்கே போனது. துரை வந்து பார்த்து, அடுக்கி வைத்த குழாய்களைக் காலால் தட்டி, என் தோளிலும் தட்டிவிட்டுப் போனார். நான் செய்த ஒரு பொருள் இவ்வளவு நன்றாக வேலை செய்தது என் வாழ்நாளில் அந்த ஒரு வாரம்தான்.

பிறகு கால்வாயைத் தாண்டினேன். காவலருக்கு இந்தப் பக்கமும் குழாய் போயிருக்கலாம் என்று சொன்னேன். இடுப்பளவு லாலான் புல்லை வெட்டி வெட்டி, தடவிக்கொண்டே போனேன். மரம் இருந்த காலத்துச் சாமான்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் குரல் கொடுத்தன. பால் வழியும் தகரப் பீலி. பால் பிடிக்கும் மங்குக் கோப்பையைத் தாங்கும் கம்பி வளையம். முனை ஒடிந்த வெட்டுக்கத்தி. ஒவ்வொரு தடவையும் குனிந்து தோண்டினேன், ஒவ்வொரு தடவையும் துருதான் வந்தது. மூன்றாம் நாள் விசில் தானாக அலையத் தொடங்கியது. வெறும் மண்ணுக்கு மேல் அலறியது. அலறிய இடத்தில் எல்லாம் தோண்டினேன். ஒரே மத்தியானத்தில் பதினோரு குழி. பதினொன்றிலும் ஒன்றுமில்லை.

"ஒன் பைப்பு எலி மாதிரி ஓடுதேய்யா" என்றார் காவலர்.

மண்ணில் ஏதோ இருக்கிறது, நான்தான் இன்னும் ஆழமாகத் தோண்டவில்லை என்று நினைத்து, அதே குழிகளை மறுநாளும் தோண்டினேன். அதற்கு மறுநாள் கருவி அடியோடு ஊமையானது. வெளியே போக அனுமதிச் சீட்டு வாங்கி, பட்டணம் போய்ச் சேர இரண்டு நாள் வீணாயிற்று. தவுக்கே கம்பிச் சுருளின்மேல் இருந்த ரப்பரைக் கத்தியால் கீறி உரித்தார். உள்ளே செம்புக் கம்பி முழுவதும் பச்சைப் பச்சையாகப் பூத்து, தொட்ட இடத்தில் பொடிந்தது.

"ஆசிட் போட்டான், ஆ?"

"ஒறையறதுக்கு..."

"தம்பி, நீ கம்பிக்கு ஊறுகா போட்டான்." சிரிக்கத்தான் தொடங்கினார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அங்கேயே உட்காரவைத்து, புதுக் கம்பி கொடுத்து, வார்னிஷ் பூசிச் சுற்றித் தந்தார்.

திரும்பி வந்தபோது இரண்டு மத்தியானம்தான் மீதி இருந்தது. புல்டோசர் ஏற்கெனவே வந்து ஸ்டோர் வாசலில் நின்றது. முதல் மத்தியானம் மழை. இரண்டாவது மத்தியானம் கால்வாய்க் கரையிலிருந்து காலடி எண்ணி, மரத்துக்கு மரம் இவ்வளவு இடைவெளி இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, நாலாவது வரிசை என்று நான் நம்பிய இடத்தில் நின்றேன். எட்டு வருடத்தில் என் காலடியும் நீண்டுவிட்டது என்பது பாதி வழியில்தான் உறைத்தது. மறுபடி முதலிலிருந்து, சின்ன அடியாக வைத்து எண்ணினேன். மூன்று மணி வாக்கில் விசில் மெதுவாக, சந்தேகம் போல, கொஞ்சம் ஏறியது. கருவியை விலக்கினால் இறங்கியது. வைத்தால் ஏறியது.

தோண்டினேன். அரை முழத்தில் விரலில் ஏதோ பட்டது. வட்டத் தகர மூடி. பாதி துருவாகி, எடுக்கும்போதே ஓரம் உதிர்ந்தது. அதற்குக் கீழே டின் இருக்க வேண்டும். முழங்கை போகிற மட்டும் தோண்டினேன், தோள் போகிற மட்டும் தோண்டினேன். மண்ணை அள்ளி விரலிடுக்கில் சலித்தேன். கருவியைக் குழிக்குள்ளேயே இறக்கினேன். விசில் அசையவில்லை.

"போதும்யா, வேலிக் கேட்டை மூடிருவான்" என்று காவலர் கூப்பிட்டார். நான் எழுந்திருக்காததைப் பார்த்துப் பக்கத்தில் வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார். "இது பைப்பு இல்ல, என்ன?" என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். கருவியை அவரே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

மரம் விழுந்தபோது யாராவது எடுத்திருக்கலாம். அடிக்கட்டையைப் பிடுங்கியபோது டின் ஒரு பக்கமும் மூடி ஒரு பக்கமும் போயிருக்கலாம். அல்லது அது வேறு யாரோ சிகரெட் பிடித்துவிட்டு எறிந்த மூடியாக இருக்கலாம். வருகிற வழியெல்லாம் இந்த மூன்றும் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தன.

அக்கா சாயங்காலச் சமையலில் இருந்தாள். மூடியை அவள் பக்கத்தில் வைத்தேன்.

"என்னடா இது?"

"அந்த டின்னோட மூடிக்கா."

"எந்த டின்னு?"

சொன்னேன். நாய் பிறாண்டியது, குளிக்கிற இடம், வாழை, நாலாவது வரிசை, கோடரியோடு நின்றவர்கள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சோறு பொங்கி வழிந்தது. மூடியைத் தள்ளி வைத்துவிட்டுக் கஞ்சியை வடித்தாள். பிறகு அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"இது மாதிரி மூடி எந்தக் குப்பையில இல்ல? உள்ள இருந்தது எங்க?"

"தெரியலக்கா."

"ஒனக்கு அவன் மேல சின்னதுலேர்ந்தே ஒரு பாசம். அவனுக்குக் கெட்ட பேரு வரக் கூடாதுன்னு நீயா ஒண்ணு கட்டிச் சொல்ற."

"இல்லக்கா. சத்தியமா நான்தான் எடுத்தேன்."

"சத்தியம் பண்ணாத." குரல் உயரவில்லை. "எட்டு வருசமா வாயத் தொறக்கலயே நீ. அந்தக் கருவாட்டுக்காரன் வந்து சொன்னப்பக்கூட இங்கதான நின்ன?"

நான் வழிந்த கஞ்சியைத் துணியால் துடைத்தேன்.

"இங்க பாரு. நீ சொல்றது நெசம்னா, அவரு எங்கயோ சயாம் காட்டுல கெடந்து செத்திருக்காரு. நான் இங்க ஒக்காந்துகிட்டு ஓடுகாலின்னு ஏசிக்கிட்டிருந்திருக்கேன். அங்கேர்ந்து உசிரோட வந்தவங்கள ஒரு வார்த்த கேக்கல நான். ஒரு ஆளக்கூடக் கேக்கல. அவங்கள்ல முக்காவாசிப் பேரு இப்ப இல்ல." மூடியை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "அதனால அது நெசமா இருக்கக் கூடாது. புரியுதா ஒனக்கு? இன்னொரு தடவ இத என் காதுல போடாத."

எட்டு வருடத்தில் அன்றைக்குத்தான் அவரை 'அவரு' என்றாள். அது தெரிந்துதான் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. தட்டில் சோறு போட்டு என் பக்கம் நகர்த்தினாள். அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் புல்டோசர் கால்வாயைத் தாண்டியது. நான்கு நாளில் லயம் இருந்த இடம், லாலான் காடு, என் குழிகள் எல்லாம் ஒரே சிவப்பு மண்ணாகப் புரண்டு கிடந்தன. புரட்டிய மண்ணிலிருந்து பழைய வேர்களைப் பொறுக்கிக் குவித்து எரிக்க வேண்டும். விட்டால் புது மரத்துக்கு வேர்நோய் வரும். காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் நேரத்தில், கங்காணியான மண்டோர் அதற்குப் பெண்களைக் கூப்பிட்டார். மரம் வெட்டுகிறவர்கள் யாரும் அந்த வேலைக்குப் போக மாட்டார்கள். கூலி குறைவு, வெயிலில் நாள் முழுவதும் குனிந்தே கிடக்க வேண்டும். அக்கா வரிசையிலிருந்து வெளியே வந்து நின்றாள்.

"ஏம்மா, ஒனக்குக் குடுத்திருக்கறது நல்ல மரமாச்சே?" என்றார் மண்டோர்.

"முதுகு வலிக்குது. கொஞ்ச நாளைக்கு இதப் பாக்கறேன்."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். "முதுகுவலிக்கு வேர் பொறுக்கப் போறாளாம்டி." அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்ஜின் அறைக்குப் பின்னால் நின்றால் அந்த இடம் தெரியும். பெல்ட் ஓடுகிற நேரத்தில் அடிக்கடி அங்கே போய் நின்றேன். மற்றப் பெண்கள் வரிசையாக, பேச்சும் சிரிப்புமாக முன்னால் போய்விடுவார்கள். அக்கா மட்டும் பின்னால், கால்வாயை ஒட்டிய பக்கத்திலேயே தங்கி நிற்பாள். ஒரு வேரைப் பிடுங்கினால் அது வந்த பள்ளத்துக்குள் கையை விட்டு மண்ணைக் கிளறிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவாள். மண்டோர் சத்தம் போடுவார். கொஞ்ச தூரம் முன்னால் போய்விட்டு மறுபடி அங்கேயே வந்துவிடுவாள். மூன்று வாரம் அப்படிப் போனது. வீட்டுக்கு வந்தால் அதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. நானும் எடுக்கவில்லை.

பிறகு அந்த மண்ணின்மேல், தரையைப் போர்த்திப் படரும் மூடுகொடி விதைத்தார்கள். அன்று சாயங்காலம் அக்கா குழாயடியில் உட்கார்ந்து கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். நகக்கண்ணில் ஏறியிருந்த மண்ணை ஈர்க்குச்சியால் ஒவ்வொரு விரலாக எடுத்தாள். வெகுநேரம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நாளையிலேர்ந்து மரத்துக்குப் போறேன்" என்றாள்.

"முதுகு?"

"அது அப்படியேதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.